தலைக்குள் ஒரு பஞ்சு மெத்தை!
முடியை வளரவிடாத விசித்திர வியாதி

கயத்தாறு பக்கம் கரிசல் பூமி. பருத்தி விளையும் பூமி. பஞ்சு எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. விரலால் அழுத்தினால் அமுங்கும். விரலை எடுத்தால் எழும்பிவிடும்.

மனிதத் தலை இப்படிப் பஞ்சுபோல் அமுங்குமா?

அமுங்கும்! அப்படி ஒரு வியாதி இருக்கிறது. தலைத்தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு, மெத்தைபோல் தடித்துவிடுகிறது. மேலே தோலில் புண் இல்லை. பொடுகு இல்லை. நிறம் மாறுவதில்லை. ஆனால் தொட்டுப் பார்த்தால் தெரியும். விரல் எலும்புவரை இறங்குவதுபோல் இருக்கும்.

இதோடு முடியும் போய்விடுகிறது, சிலருக்கு. உதிர்ந்த இடத்தில் புது முடி முளைத்தாலும் நீளுவதில்லை. 2 சென்டிமீட்டர் வந்ததும் நின்றுவிடுகிறது. அதாவது, ஒரு பெருவிரல் அகலம்தான்!

பின்னல் போட்டுப் பூ வைக்க ஆசைப்படும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய துக்கம் என்று சொல்லவேண்டியதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள். அடுத்தபடி கூந்தலைப் பார்க்கிறார்கள். "சவுரி வைத்திருக்கிறாளா?" என்று காதோடு காதாகக் கேட்கிறவர்களும் உண்டு.

வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்லுவார்கள்? "ஒழுங்காக எண்ணெய் தேய்த்தால்தானே வளரும்?" என்று அந்தப் பெண்ணையே குறை சொல்லுவார்கள். பாவம், அவள் மேல் குற்றம் இல்லை. குற்றம் தோலுக்கு அடியில் இருக்கிறது.

தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

மண்டை ஓட்டின் மேல் தோல் மட்டும் போர்த்தியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஐந்து அடுக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே தோல். அதற்கு அடியில் கொழுப்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த அடுக்கு. மூன்றாவது, விறைப்பான சவ்வு. நான்காவது, தளர்ந்த ஒரு மெல்லிய அடுக்கு. கடைசியில் எலும்பை ஒட்டிய சவ்வு.

இதில் இரண்டாவது அடுக்குதான் நம் கதையின் நாயகன். தலைமுடி தோலின் மேல் முளைத்ததுபோல் தோன்றினாலும், வளரும் முடியின் வேர் இந்தக் கொழுப்பு அடுக்குவரை இறங்கியிருக்கிறது. நெற்பயிர் சேற்றில் வேர் விட்டிருப்பதுபோல!

சாதாரணமாக ஒருவர் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒரு முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளருகிறது. இப்படி இரண்டு வருடம் முதல் ஆறு வருடம்வரை வளர்ந்து, பிறகு ஓய்வு எடுத்து, உதிர்ந்துவிடுகிறது. அதே குழியிலிருந்து புது முடி கிளம்புகிறது. தினமும் 50 முதல் 100 முடிவரை உதிருவது இயற்கை. சீப்பில் நாலு முடி வந்தால் பயப்படத் தேவை இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1 சென்டிமீட்டர் வளரும் முடி, 2 சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறது என்றால் அதன் வளர்ச்சி இரண்டே மாதத்தில் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பல வருடம் வாழவேண்டிய முடிக்கு இரண்டு மாத ஆயுள்!

1935-ல் வந்த நோயாளி

இந்த வியாதியை முதன்முதலில் எழுதி வைத்தவர் கார்ன்பிளீட் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர். வருடம் 1935. அவரிடம் வந்தவர் ஒரு கறுப்பினப் பெண். தலைத்தோல் தடித்து, மெத்துமெத்தென்று இருந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு முடி கொட்டவில்லை.

டாக்டர் குழம்பினார். இது கொழுப்புக் கட்டியா? தோல் மடிந்து போகும் வேறொரு வியாதியா?  இந்தக் கேள்விகளோடு பதிவு செய்தார்.

பிறகு 26 வருடம் ஓடியது. 1961-ம் ஆண்டில் காஸ்கி, ஃபாஸ்நா, ஃபைன் என்ற மூன்று அமெரிக்க டாக்டர்கள் அதேபோல் தலைத்தோல் தடித்த பெண்களைப் பற்றி எழுதினார்கள். இந்தத் தடவை முடியும் கொட்டியிருந்தது. மிஞ்சிய முடி குட்டையாகவே இருந்தது.

ஆகவே இரண்டு பெயர்கள் உண்டாயின. தலை தடித்து, முடி கொட்டாமல் இருந்தால் 'லிப்பெடிமாட்டஸ் ஸ்கால்ப்'. தலை தடித்து, முடியும் போனால் 'லிப்பெடிமாட்டஸ் அலோப்பீசியா'. வாயில் நுழையாத பெயர்தான்! ஆனால் பொருள் எளிது. 'லிப்' என்றால் கொழுப்பு. 'எடிமா' என்றால் வீக்கம். 'அலோப்பீசியா' என்றால் முடி கொட்டுதல்.

இந்தக் கடைசிச் சொல்லுக்குள் ஒரு நரி ஒளிந்திருக்கிறது! கிரேக்க மொழியில் 'அலோபெக்ஸ்' என்றால் நரி. சொறி பிடித்த நரிக்கு ரோமம் கொட்டுவதைப் பார்த்து, அந்தக் காலத்து வைத்தியர்கள் இந்தப் பெயரை வைத்தார்களாம்.

யாருக்கு வரும்?

முதலில் எழுதப்பட்ட நோயாளிகள் கறுப்பினப் பெண்கள். அதனால் "இது அவர்களுக்கு மட்டும் வரும் வியாதி" என்று டாக்டர்கள் எண்ணினார்கள். அது தவறு என்று பிறகு தெரிந்தது. எகிப்து, துருக்கி, கொரியா என்று பல நாடுகளிலிருந்து செய்தி வந்தது. இந்தியாவிலும் இந்த வியாதி பதிவாகியிருக்கிறது.

2011-ல் துருக்கி டாக்டர்கள் 31 பேரைப் பரிசோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாகத்தான் நோயாளிகளைப் பற்றிய செய்தி வந்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்தால் இன்னும் பலர் இருப்பார்கள் என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது.

பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கே இது வருகிறது. ஆண்களுக்கு வருவது குறைவு. உச்சந்தலையிலோ பின்மண்டையிலோ தொடங்கி, மெள்ள மெள்ளத் தலை முழுவதும் பரவுகிறது. சிலருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சிலருக்கு அரிப்பு இருக்கும். சிலருக்குத் தொட்டால் வலிக்கும். சிலருக்குத் தலைவலியும் உண்டு.

"கொழுப்பு தடிக்கிறது என்றால், குண்டானவர்களுக்கு வரும் வியாதியா?" என்று கேட்கலாம். அப்படி எண்ணவேண்டாம். உடம்பு பருத்தால்தான் இது வரும் என்பதில்லை. பட்டினி கிடந்தால் தலைக்கொழுப்பு கரைந்துவிடும் என்பதும் இல்லை. "உனக்குத் தலைக்கொழுப்பு" என்று வீட்டில் திட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

காரணம் என்ன?

இன்றுவரை யாருக்கும் தெரியாது. இதுதான் உண்மை.

சிறிதளவு தோலை எடுத்துப் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கொழுப்பு அடுக்கு அளவுக்கு மீறித் தடித்திருப்பது தெரிகிறது. அங்கங்கே நீர் கோத்திருக்கிறது. நிணநீர்க் குழாய்கள் விரிந்திருக்கின்றன. முடி கொட்டியவர்களிடம் முடியின் வேர்கள் குறைந்து, அந்த இடத்தில் தழும்பு நார் காணப்படுகிறது.

கொழுப்பு தடித்ததால் வேர் நசுங்கியதா? அல்லது இரண்டுக்கும் வேறொரு மூலகாரணம் உண்டா? டாக்டர்கள் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். உடலின் கொழுப்பிலிருந்து 'லெப்டின்' என்ற ஒரு பொருள் சுரக்கிறது. 1994-ம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வேலையாக இருக்கலாம் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகம்தான்; முடிவு இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொழுப்பு முடிக்கு எதிரியே அல்ல. 2011-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலிகளைச் சோதித்தார்கள். முடி மறுபடி வளரத் தொடங்குவதற்கு, தோலில் உள்ள இளம் கொழுப்பு அணுக்கள் உதவுகின்றன என்று கண்டார்கள். வேருக்குப் பக்கத்துணையாக இருக்கவேண்டிய கொழுப்பு, இந்த வியாதியில் மட்டும் ஏன் வழி மாறுகிறது? அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

கண்டுபிடிப்பது எப்படி?

முதல் கருவி, விரல். டாக்டர் தலையை அழுத்திப் பார்ப்பார். கால் வீங்கியவர்களுக்கு அழுத்தினால் குழி விழும். சிறிது நேரம் குழி அப்படியே நிற்கும். இந்த வியாதியில் குழி நிற்காது. விரலை எடுத்ததும் எழும்பிவிடும். இதுதான் பஞ்சுக் குணம்.

அடுத்தபடி ஸ்கேன். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்க்கிறார்களே, அதே ஸ்கேன். தலைத்தோலின் கனத்தை அளந்துவிடலாம். சாதாரணமாக அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இருக்கும். இந்த வியாதி உள்ளவர்களுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர்வரை காணப்படுகிறது. அதாவது, இரண்டு மடங்கு!

தேவைப்பட்டால், மரக்கும்படி ஊசி போட்டு, மிளகு அளவுக்குத் தோலை எடுத்துச் சோதிப்பார்கள். ஒரு தையல் போதும். பயப்பட ஒன்றும் இல்லை.

மூளைபோல் மடியும் தலை

இதற்கு ஒரு பங்காளி வியாதி உண்டு. அதில் தலைத்தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகிவிடும். மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். மொட்டை அடித்துப் பார்த்தால் மூளையின் மேற்புறத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும்! இழுத்துப் பிடித்தாலும் மடிப்பு நிமிராது.

1907-ல் உன்னா என்ற ஜெர்மன் தோல் டாக்டர் இதற்கு 'கூட்டிஸ் வெர்டிசிஸ் கைராட்டா' என்று பெயர் சூட்டினார். இது பெரும்பாலும் ஆண்களுக்கு வருகிறது. சிலருக்கு இது வேறொரு நோயின் அடையாளம். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி உண்டாகி, வளர்ச்சி நீர் மிதமிஞ்சிச் சுரந்தால், கையும் காலும் முகமும் பெருத்துப் போகும். தலைத்தோலும் மடியலாம். செருப்பு அளவு மாறிக்கொண்டே போகிறது, மோதிரம் விரலில் ஏறவில்லை, தலையில் மடிப்பும் விழுகிறது என்றால் உடனே டாக்டரைப் பார்க்கவேண்டும்.

தலையில் ஒரே ஒரு இடத்தில் உருண்டையாக இருந்தால் அது சாதாரணக் கட்டியாக இருக்கலாம். டாக்டர் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

எல்லாம் இந்த வியாதி அல்ல

இதைப் படித்துவிட்டு, முடி கொட்டுகிறவர்கள் எல்லாரும் தலையை அழுத்திப் பார்த்துக் கலங்கவேண்டாம். இது மிகமிக அபூர்வமான வியாதி. முடி கொட்டுவதற்குச் சாதாரணக் காரணங்கள்தான் அதிகம்.

கடும் காய்ச்சல் வந்துபோய் இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். பிரசவத்துக்குப் பிறகும் அப்படித்தான். பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளர்ந்துவிடும்.

இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தாலும் முடி கொட்டும். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் கொட்டும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருந்தும் உண்டு.

திடீரென்று வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால், 'புழுவெட்டு' என்கிறோம். அங்கே புழுவும் இல்லை, வெட்டும் இல்லை! உடம்பின் காவல் அணுக்களே ஆள் தெரியாமல் முடியின் வேரைத் தாக்குவதால் வருவது.

குழந்தைகளின் தலையில் செதில் செதிலாக உதிர்ந்து, அரிப்போடு முடி ஒடிந்து விழுந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். ஒருவர் சீப்பை ஒருவர் பயன்படுத்தினால் ஒட்டிக்கொள்ளும். மேலே களிம்பு பூசினால் மட்டும் போகாது. மாத்திரை சாப்பிடவேண்டும். 1958-ல் 'கிரிசியோஃபுல்வின்' என்ற மருந்து வழக்கத்துக்கு வந்த பிறகு இது குணப்படுத்தக் கூடிய வியாதி ஆகிவிட்டது.

பின்னலை இறுக்கி இறுக்கிப் போட்டால், நெற்றியோரம் முடி ஏறிப்போகும். இதற்கு மருந்து, பின்னலைத் தளர்த்துவதுதான்.

திருச்செந்தூரில் மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நேர்த்திக்கடன் அவரவர் பக்தி. ஆனால் கத்தி படுவது தோலுக்கு மேலே. வேர் இருப்பது தோலுக்கு அடியில். மொட்டை அடிப்பதால் முடியின் எண்ணிக்கை கூடுவதும் இல்லை; குறைவதும் இல்லை.

மருந்து உண்டா?

கொழுப்புத் தடிக்கும் இந்த வியாதிக்கு, "இதுதான் மருந்து" என்று அடித்துச் சொல்லக் கூடியது இன்னும் இல்லை. சில டாக்டர்கள் தலைத்தோலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிலர் மேலே பூசும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை செய்து தடிப்பைக் குறைத்தவர்களும் உண்டு. ஒருவருக்குப் பலன் தந்தது இன்னொருவருக்குத் தரவில்லை. வலியும் அரிப்பும் இருந்தால் அவற்றைத் தணிக்க வழி இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி: இதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. இது ஒட்டுவாரொட்டியும் அல்ல. சீப்பைத் தொட்டாலும், ஒரே தலையணையில் படுத்தாலும் அடுத்தவருக்கு வராது.

"மருந்து இல்லை என்றால் டாக்டரிடம் போய் என்ன பலன்?" என்று கேட்கலாம். பலன் இருக்கிறது. வந்திருப்பது இதுதானா, அல்லது குணப்படுத்தக் கூடிய வேறொன்றா என்று தெரியவேண்டாமா? தழும்பு விழுந்து முடி போகும் வியாதிகள் வேறு சிலவும் உண்டு. அவற்றில் வேர் செத்த இடத்தில் முடி திரும்பாது. சீக்கிரம் போனால், இருக்கும் வேரைக் காப்பாற்றலாம். நாளைக் கடத்தினால் இழப்புதான்.

சீசா எண்ணெய்க்குச் சட்டம்!

முடி போன இடத்தில் ஆசை முளைக்கும். ஆசை முளைத்த இடத்தில் விளம்பரம் முளைக்கும். "முப்பதே நாளில் முழங்கால்வரை கூந்தல்!" என்பார்கள். கூலி வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொட்டி, சீசா சீசாவாக வாங்குகிறவர்கள் எத்தனை பேர்!

சட்டம் என்ன சொல்லுகிறது? இந்தியாவில் 1945-ம் ஆண்டு மருந்து விதிகள் என்று உண்டு. அதில் 'ஜே' அட்டவணை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள வியாதிகளைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது. அதில் வழுக்கையும் இருக்கிறது. புது முடி முளைக்கச் செய்வதும் இருக்கிறது!

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் தடவுவது தவறு அல்ல. முடி வறண்டு ஒடியாமல் காக்கும். ஆனால் எண்ணெய் முடிக்கு மேலேதான் காவல். அடியில் தடித்த கொழுப்பை அது கரைக்காது. "எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அழுத்தினால் தடிப்பு இறங்கிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

எங்கே போவது?

இதற்காகப் பட்டணம் போகவேண்டியதில்லை. கயத்தாற்றிலிருந்து தெற்கே போனால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தக் கல்லூரி 1965-ல் தொடங்கியது. மாவட்டத் தலைநகரான தூத்துக்குடியிலும் 2000-ம் ஆண்டிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் தோல் வியாதிப் பிரிவு உண்டு. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் போதும், காசு கேட்கமாட்டார்கள்.

போகும்போது சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடி எப்போது கொட்டத் தொடங்கியது? அதற்கு முன் காய்ச்சல், பிரசவம், பெரிய கவலை ஏதாவது உண்டா? என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? தலை எந்த இடத்தில் மெத்தென்று இருக்கிறது? வலிக்கிறதா? பழைய போட்டோ இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். கல்யாணப் போட்டோவே நல்ல சாட்சி! அன்று தலையில் நிறைய எண்ணெய் தடவாமல் போங்கள். சவுரியோ டோப்பாவோ வைத்திருந்தால் வெட்கப்படாமல் எடுத்துக் காட்டுங்கள்.

வெட்கம்தான் இதில் பெரிய எதிரி. முக்காட்டைப் போட்டு மூடிக்கொண்டு, விசேஷ வீடுகளுக்குப் போகாமல், கண்ணாடி பார்க்காமல் வருடக் கணக்கில் வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள் சில பெண்கள். "என்ன பாவம் செய்தேனோ?" என்று அழுகிறார்கள். பாவமும் இல்லை, தோஷமும் இல்லை. கொழுப்பு அடுக்கு கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மாமார்கள் பெண்ணுக்குத் தலை வாரும்போது சீப்பை வைத்துவிட்டு, ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் திட்டாதீர்கள். அடுத்த நாள் காலையில் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.